கையோடு கொண்டுவரும் மொழி



1937ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள். சீனத்தின் ஹூனான் மாகாணத்தில் ஹெங்ஷான் என்றொரு மலை. அதன் சரிவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு வந்து தங்கியிருக்கிறது. அந்த ஜூலை மாதத்தில்தான் ஜப்பானுடன் முழுப்போர் மூண்டிருந்தது. பீகிங், சிங்குவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் வடக்கே இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுத் தெற்கே வந்து ஒன்றாகச் சேர்ந்து வகுப்பு நடத்தின. ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். மாணவர்கள் வந்துவிட்டார்கள். நூலகம் மட்டும் வந்து சேரவில்லை.

அந்த மலையில் ஆங்கிலக் கவிதை நடத்தியவர் வில்லியம் எம்ப்சன். 'பொருள்மயக்கத்தின் ஏழு வகைகள்' என்ற திறனாய்வு நூலை 1930இல், தம் 24ஆம் வயதில் வெளியிட்டுப் புகழ்பெற்றிருந்த ஆங்கிலேயர். நடத்த வேண்டிய புத்தகம் கையில் இல்லை. மனப்பாடமாக இருந்த கவிதைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார், கரும்பலகையில் எழுதிப்போட்டார். 'ஒத்தெல்லோ' நாடகத்தையே நினைவிலிருந்து தட்டச்சு செய்தார் என்று மாணவர்களிடையே ஒரு செய்தி நெடுநாள் வழங்கி வந்தது.

எம்ப்சனின் மாணவர்களில் ஒருவர் ஜா லியாங்செங். 'மு தான்' என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். சீன நவீனக் கவிதையின் பெரும்பெயர்களில் ஒன்று அது. 1938 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகம் இன்னும் தொலைவுக்கு, தென்மேற்கே குன்மிங் நகருக்கு இடம்பெயர்ந்தபோது, இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரு குழுவாகக் கிளம்பினார்கள். 68 நாள் பயணம், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், பெரும்பகுதி கால்நடையாக. அந்தக் குழுவில் மு தானும் இருந்தார். ஓர் ஆங்கில அகராதியை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டும், மனத்தில் ஏறிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டும் அவர் நடந்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் ஆங்கில மொழியையும் மொழியியலையும் இலக்கியத்தையும் உயர்நிலையில் கற்பது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். சிங்கப்பூரில் பல ஆண்டுகள் அத்தகைய மாணவர்களோடு வகுப்பறையில் இருந்தவன் நான். இந்தப் பொருளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வருகிறது. நூல் இல்லை, வசதி இல்லை. ஆனாலும் சீனத்து ஆங்கிலக் கல்வியின் வரலாற்றில் அதைவிடச் செழிப்பான வகுப்பறை ஒன்று எனக்குத் தெரியாது. வாங் ஸுவோலியாங், ஷூ குவோஜாங் என்று பின்னாளில் தலைமுறைகளுக்கே ஆங்கிலம் கற்பித்தவர்கள் அங்கிருந்து வந்தார்கள். ஏன் அப்படி? அந்த மாணவர்களிடம் வேறொன்று இருந்தது: ஆழமாகக் கற்ற சீன மொழி. அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆங்கிலத்தின் மேற்படிப்பு என்பது மாணவர் கையோடு கொண்டுவரும் மொழியையும் சேர்த்துப் படிப்பதுதான் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

இந்தக் கல்வி தொடங்கிய விதத்தை முதலில் பார்ப்போம். அது காதலால் தொடங்கியதன்று, காயத்தால் தொடங்கியது. 1858இல் கையெழுத்தான தியன்ஜின் ஒப்பந்தத்தில் பிரிட்டன் ஒரு விதியைச் சேர்த்தது. இனி அரசுக் கடிதங்கள் ஆங்கிலத்தில் வரும். சிறிது காலத்துக்கு மட்டும் சீன மொழிபெயர்ப்பு உடன் இணைக்கப்படும். இரண்டுக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கில வாசகமே சரியானது. ஒரு பேரரசுக்குத் தன் மண்ணிலேயே தன் மொழி இரண்டாம் இடத்துக்குப் போன நாள் அது. அந்த நிலையைச் சமாளிக்க 1862இல் பீகிங்கில் 'துங்வன் குவான்' என்ற மொழிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்க்கப்பட்டவர்கள் மஞ்சூ குலத்துச் சிறுவர் பத்துப் பேர். எதிராளியின் வாசகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதே நோக்கம்.

ஆங்கிலத்தைக் கேடயமாகக் கற்கத் தொடங்கிய அந்தத் தலைமுறை, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அதை விளக்காக ஏந்தத் தொடங்கிவிட்டது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் யான் ஃபூ. கடற்படைக் கல்விக்காக 1877இல் இங்கிலாந்தின் கிரீனிச்சுக்கு அனுப்பப்பட்டவர். கப்பல் செலுத்தக் கற்றுக்கொண்டு திரும்பியவர், ஹக்ஸ்லியின் பரிணாமமும் அறமும் பற்றிய நூலைச் செவ்வியல் சீனத்தில் பெயர்த்து 1898இல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் மொழிபெயர்ப்புக்கு மூன்று கடமைகளை அவர் வகுத்தார்: சின், தா, யா. மூலத்துக்கு உண்மையாக இருத்தல், படிப்பவரைச் சென்று சேர்தல், நடை நயம் பெறுதல். சீனத்தில் மொழிபெயர்ப்பு பற்றிப் பேசும் எவரும் இன்றைக்கும் இந்த மூன்று சொற்களைத் தொடாமல் பேசுவதில்லை.

அதே 1898இல் இன்னொரு நூலும் வந்தது. மா ஜியன்ஜோங் எழுதிய இலக்கணம். மேலைநாட்டு இலக்கணங்களின் முறையில் ஒரு சீனரே சீன மொழிக்கு எழுதிய முதல் முழு இலக்கணம் அது. மேலை மொழிகளைக் கற்றதன் பயனாகத் தம் மொழிக்கும் ஓர் இலக்கணம் எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. லத்தீன் சட்டையைச் சீன உடலுக்கு மாட்டினார் என்று பின்வந்தவர்கள் குறை சொன்னார்கள். குறை உண்மைதான். ஆனால் அந்தச் சட்டை எங்கெங்கே பொருந்தவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் சீன மொழியியல் வளர்ந்தது.

இனி வகுப்பறைக்கு வருவோம். சீன மாணவர் ஆங்கிலம் எழுதும்போது எங்கே தடுமாறுகிறார்? பொதுவாகச் சொல்லும் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'தி' என்னும் சிறுசொற்கள் விட்டுப்போகும். இறந்தகாலம் நிகழ்காலமாகும். 'ஹீ'யும் 'ஷீ'யும் இடம் மாறும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார், மாணவர் தலைகுனிவார். பள்ளிக்கு இது போதும். மேற்படிப்பு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

'ஹீ', 'ஷீ' குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒலி ஒன்றே: 'தா'. பழைய எழுத்திலும் ஒன்றுதான். ஐரோப்பிய மொழி நூல்களைப் பெயர்க்கும்போது இது இடர் கொடுத்தது. 1920 வாக்கில் லியூ பான்நோங் என்ற கவிஞர், லண்டனில் இருந்தபோது, அவளுக்கெனத் தனி எழுத்து வேண்டும் என்று வாதாடினார். பெண்ணைக் குறிக்கும் உறுப்பைப் பக்கத்தில் சேர்த்து எழுதும் அந்த எழுத்து நிலைத்துவிட்டது. கண்ணுக்கு வேறுபாடு வந்தது, காதுக்கு வரவில்லை. எழுதும்போது சரியாக எழுதும் மாணவி, வேகமாகப் பேசும்போது தன் தம்பியை 'ஷீ' என்று சொல்லிவிடுவது இதனால்தான். ஒரு சின்னத் தவறுக்குள் ஒரு மொழியின் நூற்றாண்டு வரலாறு ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட மாணவி தலைகுனிய மாட்டாள்.

இறந்தகாலத் தவறும் அப்படித்தான். பொதுச் சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வாயில் இருக்கிறது. சீனச் சொற்கள் உயிரொலியிலோ, 'ன்', 'ங்', 'ர்' போன்ற மிகச் சில மெய்யொலிகளிலோதான் முடியும். ஆங்கிலத்தில் நடந்தான் என்பதற்குரிய 'வாக்ட்' என்ற சொல் இரண்டு வல்லொலிகள் ஒட்டி முடிகிறது. அந்த முடிவு வாயில் உருவாகவில்லை என்றால், இலக்கணம் தெரிந்த மாணவரும் தெரியாதவர் போலத் தோன்றுவார். ஒலியின் சிக்கலை இலக்கணத்தின் சிக்கல் என்று ஆசிரியர் தவறாகக் கணித்துவிடுவார்.

நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வட சீனத்திலிருந்து வந்து முதுகலையில் சேர்ந்த மாணவி ஒருவர். நுட்பமான அறிவு. ஆனால் அவருடைய கட்டுரைகளில் ஒரு பெயர்ச்சொல் வருவதற்குள் மூச்சு வாங்கும். ஏழெட்டு அடைச்சொற்களை முன்னால் அடுக்கிவிட்டுத்தான் பெயருக்கு வருவார். ஒருநாள் கரும்பலகையில் ஒரு சீனத் தொடரை எழுதச் சொன்னேன். 'வோ ஸுவோதியென் மாய் த ஷூ' என்று எழுதினார். வோ என்றால் நான். ஸுவோதியென் என்றால் நேற்று. மாய் என்றால் வாங்கு. த என்பது இணைக்கும் இடைச்சொல். ஷூ என்றால் புத்தகம். அதற்குக் கீழே நான் தமிழில் எழுதினேன்: நான் நேற்று வாங்கிய புத்தகம். சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை! வகுப்பு வியந்து பார்த்தது.

ஆங்கிலத்தில் இந்த வரிசை தலைகீழ். புத்தகம் முதலில் வரும், அதைப் பற்றிய செய்தி பின்னால் வரும். உலக மொழிகளை ஒப்பிட்டவர்கள் இதில் ஒரு வியப்பைக் கண்டிருக்கிறார்கள். ஆங்கிலம் போல வினைக்குப் பிறகு செயப்படுபொருளை வைக்கும் மொழிகளில், இத்தகைய தொடர் பெயருக்குப் பின்னால் வருவதே ஏறக்குறைய எங்கும் உள்ள வழக்கம். சீனம் அதற்கு அரிய விலக்கு. வினையை ஆங்கிலம் போல வைக்கிறது, பெயரெச்சத் தொடரைத் தமிழ் போல வைக்கிறது. அந்த மாணவி கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னார்: "அப்படியானால் ஆங்கிலம் கேட்பவர் பொருளைப் பிடித்துக்கொண்டு விளக்கத்துக்குக் காத்திருக்கிறார். எங்கள் மொழி கேட்பவர் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு பொருளுக்குக் காத்திருக்கிறார்." அன்றோடு அவருடைய ஆங்கிலம் திருந்தத் தொடங்கியது. ஆங்கில நாவல்களின் நீண்ட வாக்கியங்கள் சீனத்துக்குப் போகும்போது அந்தக் காத்திருப்பு எப்படி மாறுகிறது என்பதையே ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார். எந்தத் தொடரைப் பிழை என்று கோடு போட்டேனோ, அதுவே அவருடைய ஆய்வேடாயிற்று.

மாணவரின் மொழியைக் குறையாக மட்டும் பார்த்தால் அறிஞரும் வழுக்குவார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1981இல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு நூல் வெளியிட்டார். 'மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்' என்பதுபோல, நடவாத ஒன்றை நடந்ததாக வைத்துப் பேசும் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் தனி வினை வடிவம் உண்டு, சீனத்தில் இல்லை, ஆகவே சீனம் பேசுவோருக்கு அப்படி எண்ணிப் பார்ப்பதே கடினமாக இருக்கிறது என்றார். சீன மொழியில் எழுதிய கதைகளைப் படிக்கக் கொடுத்துச் சோதித்ததாகவும் சொன்னார். இரண்டு ஆண்டுகளில், 1983இல், டெர்ரி ஆவ் என்ற ஆய்வாளர் அந்தச் சோதனையைத் திருப்பிச் செய்தார். புளூமின் கதைகளின் சீன நடை இயல்பாக இல்லை என்பதைச் சீன மொழி தெரிந்தவராகையால் அவரால் காண முடிந்தது. நல்ல சீனத்தில் கதைகளை எழுதி ஹாங்காங் மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். சீனத்தில் அந்தப் பொருளைச் சூழலும் சிறுசொற்களும் சுமக்கின்றன, வினைமுடிவு சுமக்கவில்லை, வேறுபாடு அவ்வளவுதான். கோணல் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, படித்தவர் மனத்தில் கோணலைத் தேடியிருந்தார் புளூம். ஆங்கில மொழியியல் படிக்கும் ஒவ்வொரு சீன மாணவரும் முதல் பருவத்திலேயே இந்த விவாதத்தைப் படிக்க வேண்டும் என்பேன். தம் மொழியறிவு ஆய்வுக்குள் எவ்வளவு பெரிய கருவி என்று அதிலிருந்து தெரிந்துகொள்வார்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. மைக்கேல் ஹாலிடே ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறைக்காகச் சீனம் கற்றவர். 1947இல் பீகிங் சென்றார். பிறகு கான்டனில் வாங் லி என்ற பெரும் இலக்கண அறிஞரிடம் பயின்றார். 1955இல் கேம்பிரிட்ஜில் அவர் முனைவர் பட்டம் பெற்றது 'மங்கோலியரின் மறைவரலாறு' என்ற நூலின் சீன வடிவத்தின் மொழியை ஆராய்ந்து. ஆங்கில இலக்கணத்தைப் பொருளின் பக்கமிருந்து, பயன்பாட்டின் பக்கமிருந்து பார்க்கும் அவருடைய கொள்கை உலகெங்கும் ஆங்கிலத் துறைகளில் இன்று பாடமாக இருக்கிறது. சொல் உருமாற்றமே இல்லாத ஒரு மொழியில் இலக்கணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பழகிய கண் அது. பண்பாட்டுப் புரட்சிக்குப் பின் கதவுகள் திறந்தபோது, ஹூ ஜுவாங்லின் போன்ற சீன ஆசிரியர்கள் சிட்னிக்குச் சென்று ஹாலிடேயிடம் அந்தக் கொள்கையைக் கற்றுவந்தார்கள். கான்டனில் கற்றது சிட்னி வழியாகப் பீகிங்குக்குத் திரும்பி வந்தது. ஆங்கிலத்தைப் பற்றிய அறிவு ஆங்கிலேயரிடம் மட்டுமே இருக்கிறது என்று எண்ணும் மாணவருக்கு இந்தச் சுற்றுப்பாதையைக் காட்ட வேண்டும்.

இலக்கியத்துக்கு வருகிறேன். ஜூ ஷெங்ஹாவ் என்றொரு மனிதர். பிறந்தது 1912இல், மறைந்தது 1944இல். வெளிநாட்டுக்கே போனதில்லை. ஷாங்காயில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தபடி 1935 முதல் ஷேக்ஸ்பியரைச் சீனத்துக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கினார். 1937இல் போர் ஷாங்காய்க்கு வந்தபோது எழுதி வைத்திருந்தவை அழிந்தன. மறுபடி உட்கார்ந்து எழுதினார். 1941இல் மறுபடியும் போயின. மூன்றாம் முறை உட்கார்ந்தார். வறுமை, காசநோய், கையில் மூலமும் அகராதியும். 31 நாடகங்களை முடித்து, அடுத்த நாடகத்தின் நடுவில் 32ஆம் வயதில் கண்மூடினார். ஒவ்வொரு பகுதியை எழுதியதும் தாமே படிப்பவராகி, தாமே மேடையில் நிற்கும் நடிகராகி, சொல் நாவில் தங்குகிறதா என்று பார்ப்பாராம். சொல் சரியாக அமையாவிட்டால் நாள்கணக்கில் அதைத் தேடுவாராம். 1978இல் சீனத்தில் வெளிவந்த ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்பில் 31 நாடகங்கள் அவர் பெயர்த்தவையே. ஒரு நாடகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர் கடினமான வரியைத் தாண்டிப் போய்விடலாம். பெயர்ப்பவர் ஒரு வரியையும் தாண்ட முடியாது. இதைவிட நெருக்கமான வாசிப்பு எந்த ஆய்வரங்கில் உண்டு?

தைவானிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. தைவான் பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறையில் படித்துக்கொண்டிருந்த பாய் ஷியென்யுங், வாங் வென்ஷிங் போன்ற இளைஞர்கள் 1960இல் 'நவீன இலக்கியம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். வகுப்பில் ஆங்கில நாவல் படித்தார்கள், மாலையில் சீனத்தில் கதை எழுதினார்கள். தைவானின் நவீனச் சிறுகதை அந்தத் துறையின் தாழ்வாரத்தில் முளைத்தது.

இன்றைய நிலை என்ன? சீனத்தில் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகப் படிப்பவர் நான்காம் நிலை, எட்டாம் நிலை என்று நாடு தழுவிய தேர்வுகளுக்குத் தயாராகிறார். மாதிரி வினாத்தாள்களில் இரண்டு ஆண்டுகள் கரைகின்றன. இன்னொரு பக்கம் கணினியே நொடியில் மொழிபெயர்க்கிறது. இனி இந்தப் படிப்பு எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் சில பல்கலைக்கழகங்கள் ஆங்கிலப் பட்ட வகுப்புகளை நிறுத்தியும் இருக்கின்றன. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத் திறன் ஒன்றே குறிக்கோள் என்றால், அந்த வேலையைக் கருவி செய்துவிடும். ஆனால் கரும்பலகையைப் பார்த்து என் மாணவி சொன்ன அந்த வாக்கியத்தை எந்தக் கருவியும் அவருக்குப் பதிலாகக் கண்டுபிடித்துத் தந்திருக்காது. இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்ற ஒரு மனத்தில் அது பிறந்தது.

ஆகவே இந்தப் படிப்பை வகுப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். மொழியியல் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் சீன எடுத்துக்காட்டு ஒன்றை மாணவரே கொண்டுவரட்டும்; ஆங்கிலத்தின் இயல்பு அப்போதுதான் துலங்கும். இலக்கிய வகுப்பில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்து, எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதட்டும். அதற்கும் கட்டுரைக்கு ஈடான மதிப்பெண் கொடுங்கள். ஆங்கிலம் படிக்கும் மாணவர் தம் செவ்வியல் சீனத்தைக் கைவிடாமல் இருக்க வகை செய்யுங்கள். யான் ஃபூவிடம் அது இல்லாதிருந்தால் ஹக்ஸ்லி சீனத்தில் வேர்பிடித்திருக்க மாட்டார்.

மு தானை வழியில் விட்டுவிட்டேன். அவர் 1942இல் தாமாக முன்வந்து, பர்மாவுக்குச் சென்ற சீனப் படையில் ஆங்கில மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். படை சிதறிப் பின்வாங்கியபோது, வழியெல்லாம் தோழர்கள் மடிந்து விழுந்த காட்டைக் கடந்து உயிரோடு இந்தியாவை அடைந்தவர்களில் அவரும் ஒருவர். பின்னர் சிகாகோவில் ஆங்கில இலக்கியம் படித்து, 1953இல் நாடு திரும்பி நான்காய் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1958இல் எதிர்ப்புரட்சியாளர் என்று முத்திரை குத்தி வகுப்பறையிலிருந்து அவரை விலக்கினார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்கு வைத்தார்கள். கவிதை எழுத வழியில்லை. அச்சிடுவார்களா என்றும் தெரியாது. அந்த ஆண்டுகளில் அவர் பைரனின் 'டான் ஜுவான்' காவியத்தைச் சீனக் கவிதையாக்கிக்கொண்டிருந்தார். 1977 பிப்ரவரியில் இறந்தார். காவியம் 1980இல் வெளிவந்தது.

புத்தகமே இல்லாத மலையில் நினைவிலிருந்து கேட்டுக் கற்ற ஆங்கிலம் அது. அகராதியின் பக்கங்களை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே சுமந்து வந்த ஆங்கிலம். கடைசியில் அவர் தாய்மொழியில் ஒரு நூலாகி நூலக அலமாரியில் போய் அமர்ந்தது. உங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு சீன மாணவர் உங்கள் வகுப்புக்கு வரும்போது, அவர் கையில் இருக்கும் மொழியையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.